கேட்டில் தொங்கிய மாவுச் சாக்கு

தபால் நிலையம், குல்லாரா
24 ஜனவரி 1913, வெள்ளி

தம்பி க்ளாரிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நீ எவ்வளவு நலமாக இருக்கிறாய் என்பதைக் காலையில் தெருவே பார்த்தது.

இந்தக் கடிதத்தை நீயேதான் உன் தபால் மோட்டாரில் சுமந்துபோகிறாய். பைக்குள் போட்டு முத்திரை வைத்துவிடுவேன், வொரிண்டாவில்தான் பிரிப்பார்கள். அக்காவின் வசவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அது தெரியாமல் முப்பத்தெட்டு மைல் நீ விசிலடித்தபடி போவதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கவுண்டரில் முகத்துக்கு முகம் பார்க்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? வாயைத் திறந்தால் தெருவுக்குக் கேட்கும். இன்று கேட்டதே அதற்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு இந்த ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. சவரக்கடைக்காரர் ஒரு கன்னம் மட்டும் மழித்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். திருமதி மெக்ஃபீ முட்டைக்கூடையோடு தெருவைக் குறுக்கே கடக்கிறாள், பிறகு திரும்பவும் கடக்கிறாள். ஒரு முட்டை விற்றதில்லை. நானும் உத்தமி இல்லை. பத்தே முக்காலுக்கு என் பொய்முடியைச் சரியாக ஊசி குத்திக்கொள்கிறேன், ஏதோ உன் மோட்டாரில் கவர்னர் வருகிற மாதிரி.

நீ ஊதுகுழலை அழுத்தினாய். ஹோட்டல் முன்னால் நின்ற பதினாறு காளைகளும் பாரவண்டியோடு துணிக்கடைத் தாழ்வாரத்துக்குள் புகுந்தன. அதை மன்னித்தேன். பதினான்கு நிமிடம் தாமதமாக வந்தாய். அதையும் மன்னிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் நீ கவுண்டரில் முழங்கையை ஊன்றி, முப்பது பேர் கேட்கும்படி சொன்னாய்: “அக்கா, க்ரம்ப் கிழவனுக்குப் பதினோரு வருஷமாப் போட்ட மாதிரி எனக்கும் பதினொண்ணுன்னே போட்டுடு.”

உனக்கு முன்னால் தபால் ஓட்டிய க்ரம்ப் தன் குதிரைக் கோச்சை, வழியில் நிறுத்தச் சொல்லி மாவுச் சாக்கு தொங்குகிற ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்துவார். ஒருத்தி டாக்டரிடம் போக வேண்டும் என்பாள், இன்னொருத்தி இதே நீலத்தில் கம்பளி நூல் வேண்டும் என்பாள். எல்லாம் முடித்து அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் என் நேரப் புத்தகத்தில் பதினொன்றுதான். இது தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், நான், கடவுள். கடவுள் இதுவரை இலாகாவுக்குப் புகார் எழுதவில்லை. இப்போது கான்ஸ்டபிள் உட்பட முப்பது பேருக்குத் தெரியும். நான் வேறு என்ன எழுத முடியும்? பதினொன்று பதினான்கு. மையில் எழுதினேன்.

ஒரு காலாண்டின் மூன்று மாதத்துக்குள் மூன்று தாமதம் விழுந்தால் உன் தபால் ஒப்பந்தம் போய்விடும். ஒன்று விழுந்தாயிற்று. வாயைச் சிக்கனமாக வைத்துக்கொள்.

கோபத்துடன், ஆனாலும் உன் அக்கா,
யூனிஸ்

வொரிண்டா
31 ஜனவரி 1913

மதிப்பிற்குரிய போஸ்ட்மிஸ்ட்ரஸ் அம்மாளுக்கு,

தங்கள் வசவு பத்திரமாக வந்து சேர்ந்தது. முத்திரை கெடவில்லை.

தெருவில் அப்படிப் பேசியது தவறு. அதை ஒப்புக்கொண்டுதான் செவ்வாய்க்கிழமை தலையைக் குனிந்து நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதினொன்று ஒன்பது என்று எழுதினீர்கள். அந்த ஒன்பது நிமிடம் எங்கே போனது என்று கேட்டீர்களா?

நோரா பாஸ்கோவின் கேட்டில் சாக்கு தொங்கியது. அவள் புருஷன் மாடு ஓட்டிக்கொண்டு குயின்ஸ்லாந்து போயிருக்கிறான், வண்டியும் குதிரையும் அவனோடு. பாவம் என்று நிறுத்தினேன். அவளுக்கு வேண்டியது ஒரு தையல் நூல்கண்டு. அந்த கேட் இருப்பது மணல் ஓடைக்குள். குதிரைக்கு அது ஒன்றுமில்லை. மோட்டார் அதை வேகத்தில் தாண்டினால்தான் உண்டு. நின்றால் சக்கரம் புதையும். மரக்கிளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி வந்தேன்.

என் நிலத்தை விற்று வாங்கிய வண்டி இது. இன்னும் ஒரு தாமதக் கோடு விழுந்தால் எனக்கு நிலமும் இல்லை, தபாலும் இல்லை. அதனால் இன்று முதல் எந்தச் சாக்குக்கும் நிறுத்துவதாக இல்லை. நல்ல மை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இனி நேரத்துக்கு வருவேன்.

தங்கள் கீழ்ப்படிந்த ஒப்பந்தக்காரன்,
க. ஹாலரன்

குல்லாரா
14 பிப்ரவரி 1913

க்ளாரி,

செவ்வாய்க்கிழமை பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்தாய். எட்டு நிமிடம் முன்னதாக. தெரு நடுவில் நின்று கடிகாரத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டினாய். சவரக்கடைக்காரர் கை தட்டினார். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் துணி வியாபாரி கிஷன் சிங் வண்டியை நேராக டாக்டர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். துணி மூட்டைகளுக்கு மேலே நோரா பாஸ்கோ படுத்திருந்தாள். திருமதி மெக்ஃபீகூட ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வேலிக்கம்பி உள்ளங்கையில் குத்தியிருக்கிறது. செவ்வாய் காலையில் முழங்கை வரை வீக்கம். கேட்டில் சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறாள். ஒன்று தெரியாமல் போகுமோ என்று வீட்டிலிருந்த இரண்டாவதையும் கட்டியிருக்கிறாள். அதுவும் போதாதென்று காய்ச்சலோடு ரோட்டில் வந்து நின்று நல்ல கையை ஆட்டியிருக்கிறாள். வெயிலில் ஒன்பது மைல் நடக்க அவளால் முடியவில்லை. அரை மைலில் விழுந்து திரும்பியிருக்கிறாள். மதியம் உன் மோட்டார் திரும்பிப் போனபோது எழ முடியாமல் படுக்கையில் கிடந்திருக்கிறாள். வியாழன் மதியம் கிஷன் சிங் தற்செயலாக அந்த வழியே வராவிட்டால் இன்று இங்கே வேறு மாதிரிக் கூட்டம் கூடியிருக்கும்.

டாக்டர் முழங்கையோடு எடுத்துவிட்டார். வலது கை.

மயக்க மருந்து தெளிந்ததும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. சொன்னாள்: “அவன் பாத்தான், யூனிஸ். தொப்பியத் தொட்டுட்டுப் போனான்.”

நான் உனக்குச் சோறு ஊட்டியவள். வணக்கம் சொல்லத் தொப்பியைத் தொட உனக்குக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். இன்று கவுண்டரில் பையை வாங்கியபோது உன் முகத்தில் துப்பாமல் இருந்ததற்குக் காரணம் பாசம் இல்லை, பை இலாகாவுடையது.

யூனிஸ்

வொரிண்டா
21 பிப்ரவரி 1913

அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

சாக்கைப் பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். நூல்கண்டாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கை ஆட்டியதையும் பார்த்தேன். மோட்டாரைக் கண்டால் வழியெல்லாம் எல்லோரும்தான் கை ஆட்டுகிறார்கள். நானும் எல்லோருக்கும் தொப்பியைத் தொடுகிறேன். அது என் பெருமை, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கை போவது தெரிந்து தொப்பியைத் தொட்டேன் என்று நீ நினைத்தால், நீ சோறு ஊட்டியது வேறு யாருக்கோ.

இந்த ஊரில் எனக்கு யாரும் கடையில் முகம் கொடுப்பதில்லை. குல்லாராவில் சவரக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார். கை தட்டிய அதே ஆள்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. ஓடைக்குள் இறங்கும்போது என் கண் எங்கே இருந்தது தெரியுமா? கடிகாரத்தில். என்னை நிமிடம் எண்ண வைத்தது யார்? க்ரம்புக்குப் பதினோரு வருஷம் எழுதிய பொய்யை எனக்கு ஒரே ஒரு நாள் எழுதியிருந்தால் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை நிறுத்தியிருப்பேன். முப்பது பேர் முன்னால் உன் மானம் போயிற்று என்று அந்த இரண்டு கோடுகளையும் போட்டாய். அன்றைக்கு அந்த மோட்டாரில் நான் தனியாகப் போகவில்லை, அக்கா. நீ பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாய்.

க்ளாரி

குல்லாரா
11 மார்ச் 1913

க்ளாரி,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடப் போனேன். அடுப்பு எரியவில்லை. விறகு வைத்து ஊதி, அது பற்றிக்கொண்ட நேரத்தில் இன்னொரு முறை படித்துவிட்டேன். பிறகு போட மனம் வரவில்லை. சோம்பேறிகளுக்கும் சில சமயம் புத்தி வருகிறது.

நீ சொன்னது சரி. உன்னை மன்னிக்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை.

நான் இன்ஸ்பெக்டருக்கு எழுதினேன். பதினோரு வருஷம் பொய் நேரம் எழுதினேன் என்றும், என் தம்பிக்கு மட்டும் உண்மையை எழுதினேன் என்றும், அந்த உண்மையை எழுதவைத்தது நேர்மை அல்ல, ஆத்திரம் என்றும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நேர்மையான கடிதம். அதிலும் இரண்டு எழுத்துப்பிழை.

அவர் போன புதன்கிழமை வந்தார். மெலிந்த மனிதர். என் நாற்காலியில் உட்கார்ந்தார். என் எடையில் குழிந்துபோன நாற்காலி அது, பாதி ஆள் உள்ளே போய்விட்டார். அங்கிருந்தே தலையை நீட்டி, க்ரம்புக்கு ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டார். வழியில் பெண்கள் இருக்கிறார்கள் என்றேன். அதற்குத் தனிக் கட்டம் புத்தகத்தில் இல்லை என்றார்.

பதினைந்தாம் தேதியோடு எனக்கு வேலை இல்லை, அதோடு வந்த வீடும் இல்லை. அதை எதிர்பார்த்தேன். நான் எதிர்பாராதது ஒன்று: உன் இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கும். நான் உண்மையைச் சொன்னதால் அவை அழியும் என்று கணக்குப் போட்டேன். “அம்மா, அந்த ரெண்டும் நிஜமான நேரம்தானே?” என்றார் அந்த மனிதர். நிஜம்தான் என்றேன். பதினோரு வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான் நிஜம்.

புதுப் போஸ்ட்மாஸ்டர் லைடெக்கர் என்று ஒருவர். கையில் இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறார், ஒன்றைச் சரிபார்க்க மற்றொன்று. ஜாக்கிரதையாக இரு.

யூனிஸ்

பாஸ்கோ வீடு, மணல் ஓடை
25 மார்ச் 1913

க்ளாரி,

முகவரியைப் பார்த்து நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் புனிதவதி ஆகிவிடவில்லை. எனக்குப் போக இடமில்லை, அவளுக்கு ஒரு கை இல்லை. தகரப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றேன். பேச்சு ஒன்று தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, பால் கறக்கத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். உள்ளே வா என்றாள்.

பசு என்னை இரண்டு முறை உதைத்தது. நோரா ஒரு முறை சிரித்தாள், பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். வாளியைத் தூக்கப் போய் இல்லாத கையை நீட்டிவிடுகிறாள். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் என்மேல்தான் பாத்திரம் பறக்கும், நியாயமும் அதுதான். அந்தக் கோடுகளைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கறந்த பாலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தையல் போட்ட இடம் மறுபடி சிவந்திருக்கிறது, வாடையும் வருகிறது. டாக்டர் பார்க்க வேண்டும். கிஷன் சிங் வொரிண்டா வழியாக வடக்கே போகிறார், மே மாதம்தான் திரும்புவார். இதை அவர்தான் உன்னிடம் கொடுப்பார். ஏப்ரல் பிறந்தால் உன் கோடுகள் கழிந்து புதுக் கணக்கு தொடங்கும் என்பது எனக்குத் தெரியாதா? இன்னும் ஆறே நாள். அவள் கை ஆறு நாள் தாங்காது.

யாருக்கு எழுதுகிறாய் என்று நோரா கேட்டாள். சொன்னேன். அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “அவன் மூஞ்சியப் பாக்க எனக்கு இஷ்டமில்ல. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்டப் போகணும். நிறுத்தச் சொல்லு.”

சொல்லிவிட்டேன்.

யூனிஸ்

குல்லாரா, டாக்டர் வீட்டு வாசல்
28 மார்ச் 1913, வெள்ளி

அக்கா,

நோரா உள்ளே இருக்கிறாள். நான் வண்டியில் உட்கார்ந்து, தபால் படிவத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். மதியம் அவளைக் கொண்டுவந்து விடும்போது உன்னை நேரில்தான் பார்க்கப் போகிறேன். ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. காலையிலும் வரவில்லை. அச்சு வரை புதைந்த வண்டியை நீ பின்னாலிருந்து பாவாடையைச் செருகிக்கொண்டு தள்ளியபோது, நன்றி என்று சொல்லத்தான் திரும்பினேன். நீ என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். சரி என்று விட்டுவிட்டேன்.

பதினொன்று முப்பத்தொன்று. லைடெக்கர் இரண்டு கடிகாரத்தையும் பார்த்து எழுதினார். நல்ல கையெழுத்து. காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டார், மரியாதையான மனிதர். புத்தகத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் ஒன்றுமில்லை என்றேன்.

மாதக் கடைசியோடு தபால் என் கையைவிட்டுப் போகிறது. வண்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது குறைந்த மாதிரி நீ நடந்துகொள்ளாதே.

வழியெல்லாம் நோரா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பின் இருக்கையில், தபால் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள், ஒருவரும் கை ஆட்டவில்லை. டாக்டர் வாசலில் கை கொடுத்து இறக்கிவிடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுத் தானே இறங்கினாள். படியேறிக் கதவு வரை போய், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“திரும்பும்போது மெதுவா ஓட்டு. கை அதிருது.”

க்ளாரி