நாற்பத்து மூன்றாவது ஸ்டிக்கர்

அன்புத் தம்பி துரைக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறையும் வராது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கப்பலில் அனுப்பச் சொன்னாயே ஒரு மசாஜ் நாற்காலி, அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ஏதோ பொத்தானில் கை பட்டுவிட்டது. அது என் இரண்டு காலையும் கவ்விப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. சாமான் கட்ட வந்த மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். "அக்காவையும் சேத்துப் பேக் பண்ணிடலாமா" என்று அதில் ஒருவன் கேட்டான். வேண்டாம்ப்பா, என் தம்பி பெண்டாட்டி, அந்த மகராணி, என்னைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவாள் என்றேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். கடுதாசிக்கு மீட்டிங் கிடையாது. எப்போது பிரித்தாலும் நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் உன் பெண்டாட்டியிடம் கொடு. அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறிப் பத்தாம் நாள், சொன்னபடி சாமான் கட்டும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் டை கட்டியிருந்தார். மற்ற மூன்று பேரும் மூட்டை தூக்க, இவர் டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கையில் நீ அனுப்பிய பட்டியல். நாற்பத்திரண்டு சாமான். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் கப்பல் ஏறும், ஒட்டாதது இங்கேயே கிடக்கும். அவர்களுக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

என்னடா பட்டியல் அது! நடைபயிற்சி மெஷின், ஒன்று. அதில் நீ நடந்து யார் பார்த்தார்கள்? ஆறு வருஷமாக ஈரத்துண்டு காயப்போட்டதுதான் மிச்சம். கிடார், ஒன்று, கம்பி இல்லாதது. பிளாஸ்டிக் செடி, நான்கு. அந்த ஊரில் பிளாஸ்டிக் முளைக்காதா? அப்புறம் மகராணியின் செருப்பு, முப்பத்தொரு ஜோடி. தலைவர் சத்தம் போட்டு எண்ணினார். மரவட்டை வீட்டில்கூட அத்தனை செருப்பு இருக்காது. ஆபீஸில் உனக்குக் கொடுத்த கேடயங்களைக் குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி சுற்றினார்கள். ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். லீவு போடாமல் வந்ததற்காம். பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவள் நான். கேடயம் எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

"பாத்ரூமில் உள்ள எல்லாம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய் பார், அது உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கேடயம். அவர்கள் தேய்ந்துபோன சோப்பைக்கூட விடவில்லை. குப்பைக்கூடையைக் குப்பையோடு சேர்த்துக் காகிதம் சுற்றி, உள்ளே ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்து, ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை. கடல் தாண்டி வரும் உன் வீட்டுக் குப்பையை மகராணி தன் கையால் பிரிக்கட்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அன்று காலையிலேயே முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் தன் மர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டுக்கு வண்டி வரப்போகிற மாதிரி. போகும்போது நீதானே சொன்னாய், "ஆறு மாசம் பொறுங்கப்பா, வீடு செட் ஆனதும் கூட்டிக்கிறேன்" என்று. அவர் அதை நம்பினார். நான் நம்பவில்லை. இருந்தாலும் நம்பின மாதிரி தலையாட்டினேன்.

சாயங்காலம் லாரியில் ஏற்றுவதற்கு முன் கணக்குப் பார்த்தார்கள். பட்டியலில் நாற்பத்திரண்டு. ஒட்டியது நாற்பத்து மூன்று. தலைவருக்கு வேர்த்துவிட்டது. மூன்று முறை எண்ணினார், டையைத் தளர்த்திவிட்டு நான்காம் முறையும் எண்ணினார். கடைசியில் கண்டுபிடித்தது சாமான் தூக்க வந்தவன். அப்பாவின் நாற்காலிக் காலில், உள்பக்கமாக, சிவப்பாக ஒன்று. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து அவரே ஒட்டியிருக்கிறார்.

"பெரியவரே, இது லிஸ்ட்ல இல்லையே" என்றார் தலைவர்.

"அவன் மறந்திருப்பான். போற எடத்துல எனக்கு உக்கார வேண்டாமா?" என்றார் அப்பா.

தலைவர் உனக்குப் போன் போட்டார். எனக்கென்றால் நீ மீட்டிங்கில் இருப்பாய், அவருக்கு முதல் மணியிலேயே எடுத்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அது உனக்குத் தெரியாது. "அந்தப் பழைய சேரா? ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. அவரு இங்க வரப்போறதில்லை. கழட்டிடுங்க" என்றாய். நான்கு வாக்கியம். எல்லோரும் கேட்டோம். தூக்குகிறவன்கூடக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். அவனுக்கு இருந்த வெட்கம் உனக்கு இல்லை.

தலைவர் குனிந்து ஸ்டிக்கரை உரித்தார். பாதிதான் வந்தது, மீதி மரத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் சும்மா இருக்காமல், என்னப்பா, கப்பல் மேல்தட்டில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகலாம் என்று பார்த்தீர்களா என்றேன். பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். பல் எங்கே என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் உன் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

இப்போது என் வீட்டில் இருக்கிறார். உன் அத்தான் அந்த நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டே வந்தார். என் வீடு உன் வீட்டு மாடிப்படி அகலம்தான். நாற்காலியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். உள்ளே வருகிறவர்கள் அப்பாவைச் சுற்றித்தான் வர வேண்டும், எல்லோரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். உன் வீட்டில் அவரைச் சுற்றிக்கொண்டு போக யாருக்கும் வேலை இருந்ததில்லை.

தினமும் ஒரே கேள்வி. "கப்பல் இன்னிக்கு எங்க இருக்கும்?" எனக்குக் கடலும் தெரியாது கப்பலும் தெரியாது. நடுக்கடலில் என்றேன். மறுநாளும் நடுக்கடலில் என்றேன். "நேத்தும் அங்கதானே இருந்துச்சு?" என்றார். கடல் பெரிசுப்பா என்றேன். மகன் ஏக்கம் என்று நினைத்து நானும் ஒரு மூச்சு அழுதுவிட்டேன். அந்தக் கண்ணீர் வீண்.

நேற்று அவர் சட்டையைத் துவைத்தபோது பையில் நான்கு நாள் ஆப்பிள் துண்டுகள் கிடைத்தன. கடித்துத் தின்னவே இல்லை. பிடித்து வைத்துக் கேட்டேன். அன்று காலை பல்செட்டைக் கழுவி, நீல டப்பாவில் போட்டு, பாத்ரூம் தட்டில் வைத்திருக்கிறார். நீதான் "பாத்ரூமில் உள்ள எல்லாம்" என்று எழுதியிருந்தாயே. அதையும் சேர்த்துக் கட்டினதை அவரே பார்த்திருக்கிறார். அப்போதே சொல்லக்கூடாதா என்றேன். "எப்படியும் நானும் அங்கதானே போகப்போறேன், அது முன்னாடி போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் நீ போனில் பேசினாய். அதற்கப்புறம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

புதுப் பல் கட்டலாம் என்றால் வேண்டாம் என்கிறார். ஆகவே தம்பி, பெட்டி வந்ததும் டப்பாவைத் தேடி எடு. தபாலில் போடாதே, உடைந்துவிடும். நீயே கையில் கொண்டு வா. அதுவரை எல்லாவற்றையும் அவருக்குக் கரைத்துத்தான் கொடுப்பேன். உனக்காக இல்லாவிட்டாலும் பல்லுக்காகவாவது சீக்கிரம் வா. நன்றாக இரு. அப்பாவும் அதைத்தான் சொல்லச் சொன்னார், பல் இல்லாததால் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

டப்பா எந்தப் பெட்டியில் என்று கம்பெனிப் பட்டியலைப் பார்த்தேன். பதினேழாம் நம்பர், செருப்புகளுக்கு அடியில். "அலங்காரப் பொருள், ஒன்று, நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா