கரிநாக்கை வீட்டுக்குள் எடுத்த சீசன்

மாமி,

நேற்றுக் காலை டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. தீ எச்சரிக்கைக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபடி, ஏணியையும் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டைக் கடக்கும்போது செத்தல் மிளகாய் எரியும் நெடி மூக்கில் ஏறியது. உப்பு வெடிக்கும் சத்தமும் கேட்டது. சமையல் இல்லை அது. சமையலென்றால் எண்ணெய் மணக்கும். யாரோ யாருக்கோ கண்பட்டது, வாய்பட்டது என்று நாவூறு கழிக்கிறார்கள்.

பிள்ளைக்கோ, புதுக் காருக்கோ, தெரியாது. ஆனால் முதல்நாள்தான் எங்கள் ஹொக்கி அணி பிளேஓஃப் எனும் கோப்பைச் சுற்றுக்குப் போகும் கடைசி வாய்ப்பையும் தொலைத்திருந்தது. எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. கதவைத் தட்டி, "அக்கா, யன்னலைத் திறவுங்கோ, கதவைத் திறக்காதேங்கோ!" என்று கத்தினேன்.

"நீங்கள் ஆர்?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"முந்தி ஒருக்காக் கதவைத் திறந்த மாமியின்ர மருமகன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ! ஏணியில் ஏறி நின்ற பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலை அறிக்கை தவிர நான் எதையும் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மதுராவைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்க உங்கள் ஸ்காபரோ அடுக்குமாடி வீட்டுக்கு நான் முதன்முதல் வந்தது ஒரு நவம்பர் ஞாயிறு. உங்கள் மகள் காரிலேயே பாடம் எடுத்தாள். "அம்மா சாதியைக் கேட்க மாட்டா, சம்பளத்தைக் கேட்க மாட்டா. ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கேப்பா. அப்ப வாயை மூடிக்கொண்டிரு." பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தீர்கள். வீட்டில் போடும் சோட்டிக் கவுனுக்கு மேலே அணியின் சட்டை. நெற்றியில் திருநீறு. கையில் ரிமோட்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரிக் குளிரில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது பிடித்த பழக்கம் என்று நீங்களே சொன்னீர்கள். "இங்கிலீசு ஒரு சொல்லும் விளங்காது தம்பி. உது மட்டும் விளங்கிச்சு. வலைக்குள்ள போட்டால் கோல். அடிச்சவனைப் பெட்டிக்குள்ள இருத்துவாங்கள். ஞாயம் உடனே கிடைக்குது."

ஆட்டக்காரர்களின் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. நீங்களே பெயர் வைத்திருந்தீர்கள். உயரமான தடுப்பாட்டக்காரன் 'பனை'. கோல் காக்கிறவன் 'என்ர பொடியன்'. எல்லாரையும் விடக் கூடச் சம்பளம் வாங்கும் நட்சத்திரம் 'சீதன மாப்பிள்ளை'. "எல்லாத்தையும் முன்னுக்கே வாங்கிப் போட்டான். இனி ஏன் ஓடப்போறான்? கால் மேல கால் போட்டுக்கொண்டு இருக்கிறான்" என்றீர்கள். பக்கத்தில் கால் மேல் கால் போட்டிருந்த மாமா மெல்லக் காலை இறக்கினார்.

அந்த வருடம் அணி தொடக்கத்தில் எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கோப்பைக் கனவு. தேத்தண்ணியைத் தந்துவிட்டுக் கேட்டீர்கள்: "அப்ப தம்பி, என்ன சொல்லுறீர்? இந்த முறை கோப்பை எங்களுக்குத்தானே?"

மதுரா என் காலை மிதித்தாள். நான் கேட்டதற்கு விடை சொல்கிறவன்.

"இல்லை அன்ரி. பிளேஓஃபுக்கே போகமாட்டாங்கள்."

மாமாவின் கையில் இருந்த வடை வாய்க்குப் போகாமல் நின்றது. நான் நிறுத்தியிருக்கலாம். விளக்கம் வேறு சொன்னேன். "டிஃபென்ஸ் மெதுவு. கோல் காக்கிறவர் ஒராள்தான் முழு வீட்டையும் தாங்கிப் பிடிக்கிறார். ஒரு கட்டடத்தில ஒரே ஒரு பம்ப் மட்டும் ஓடுது, மாற்று பம்ப் இல்லை எண்டு வையுங்கோ. அது களைச்சால் எல்லாம் போச்சு. தை மாதம் களைக்கும்."

தேத்தண்ணிக் கோப்பையை, நான் குடித்து முடிக்கும் முன்பே, நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

தை மாதம் அவன் களைத்தான். கையுறைக்குள் வந்த 'பக்' வட்டைக்கூட நழுவவிட்டான். அணி தோற்றது, தோற்றது, மறுபடி தோற்றது. உங்கள் தீர்ப்பை மதுரா ஃபோனில் எனக்குச் சொன்னாள், அழுகையும் சிரிப்புமாக: "பொடியன் நல்ல பொடியன்தானாம். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் சரியாம். ஆனா கரிநாக்காம். சொன்னது பலிக்குமாம். நாளைக்கு என்ர பிள்ளையைப் பார்த்து ஏதும் சொல்லித் துலைச்சானெண்டால் ஆர் பொறுப்பு எண்டு கேக்கிறா."

எனக்குக் கோபம் வந்தது. பழுது இருக்கிறது என்று சொல்கிறவனால் பழுது வருவதில்லை. இதை உங்களுக்கு விளக்க நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் நிலைமையை மோசமாக்கின. வீட்டுக்கு வரலாம், ஆனால் ஆட்டம் நடக்கும்போது அறைக்குள் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டீர்கள். மதுராவைக் கூட்டிக்கொண்டு போக வரும் நாட்களில் வெளித் தாழ்வாரத்தில், குப்பை போடும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நீங்கள் கத்துவது கேட்கும். "அடியடா! ஏன்டா பின்னுக்குக் குடுக்கிறாய்? பின்னுக்கு என்ன உன்ர கொம்மாவே நிக்கிறா?"

பிறகு அந்த மத்தியான ஆட்டம். அதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு, சீலிங்கில் இருந்த புகைக் கருவியைக் காட்டினீர்கள். "தம்பி, உம்மட வேலை உதுதானே? உதைக் கொஞ்ச நேரம் கழட்டி வையும்."

"கழட்ட மாட்டன் அன்ரி. கழட்டினால் என்ர லைசன்ஸ் போகும். நீங்கள் எரிஞ்சும் போவியள்."

"பாருங்கோ! பாருங்கோ!" என்று மாமாவிடம் பாய்ந்தீர்கள். "எரிஞ்சு போவனாம்! வாயைத் திறந்தால் வாற சொல்லைப் பாருங்கோ!"

என்னை வெளியே அனுப்பிவிட்டு நீங்கள் செய்ததை மதுரா பிறகு சொன்னாள். கமரா கோல் காக்கிறவனின் முகத்தைக் கிட்டக் காட்டும் வரை எல்லாரும் காத்திருந்தீர்கள். "முகம் வந்திட்டுது!" என்று மாமா படத்தை நிறுத்தினார். உப்பும் செத்தல் மிளகாயும் பிடித்த கையோடு தொலைக்காட்சியை மூன்றுதரம் சுற்றி, அவனுக்கு விழுந்த கண்ணூறு, நாவூறு எல்லாம் கழித்து, அடுப்பில் காய்ந்த தாச்சிச் சட்டியில் போட்டீர்கள். நகரம் முழுக்க ஆட்டம் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பாவி முகக்கவசத்தோடு உறைந்து நின்று புகை வாங்கினான்.

எனக்கு முதலில் நெடி வந்தது. பிறகு வீட்டுக்குள் அலாரம் கத்தியது. அது பரவாயில்லை, வீட்டுக் கருவி வீட்டுக்குள் மட்டும்தான் கத்தும். தாழ்வாரத்தில் இருக்கிற கருவிக்குப் புகை பட்டால்தான் முழுக் கட்டடமும் கிளம்பும். நான் கதவில் அடித்தேன். "கதவைத் திறக்காதேங்கோ அன்ரி! யன்னல்! யன்னல்!"

கரிநாக்கன் சொல்வதை யார் கேட்பார்? புகை போகட்டும் என்று கதவை அகலத் திறந்துவிட்டீர்கள்.

முழுக் கட்டடமும் பனிக்குள் இறங்கியது. குளித்த தலையோடு ஒருவர், பூனையோடு ஒரு பிள்ளை, வேட்டிக்கு மேல் குளிர்க்கோட்டோடு மாமா. தீயணைப்பு வண்டி வந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வந்த தீயணைப்பாளர் என்ன சமைத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மதுரா தலையைக் குனிந்தபடி உண்மையைச் சொன்னாள்: எங்கள் கோல் காக்கிறவருக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள், அம்மா அதை எடுத்தார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. உங்கள் சட்டையைப் பார்த்தார். "எடுபட்டதா?" என்று கேட்டார். அவரும் எங்கள் அணியின் ஆள்தான்.

எடுபடவில்லை. பனிக்குள் நிற்கும்போதே தோல்விச் செய்தி வந்தது. மறுநாள் முழுவதும் உங்கள் கட்டடத்தில் தும்மல்.

நான் நின்ற பக்கம் நீங்கள் நடந்து வந்தீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று ஆயத்தமானேன். "நீர் இஞ்ச வாரும். அடுத்த மட்ச் மற்றவை தோப்பினம் எண்டு சொல்லும்."

"சொல்ல ஏலாது. அவை நல்ல ரீம்."

"சும்மா ஒரு சொல்லுத்தானே தம்பி, சொன்னால் என்ன வாய் நோகுமே?"

"பொய் அன்ரி."

"உம்மைக் கட்டப்போறவள் பாவம்!" என்றீர்கள். பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று உங்களுக்கே விளங்கியது. சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினீர்கள். நான் பார்த்துவிட்டேன். அந்தத் தைரியத்தில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றைச் சொன்னேன். "அவையின்ர கோல் காக்கிறவருக்கு முழங்கால் சரியில்லை. இடப்பக்கம் தாழ அடிச்சால் விடுவார்."

அடுத்த ஆட்டத்தில் சீதன மாப்பிள்ளையே இடப்பக்கம் தாழ அடித்தான். கோல். நாங்கள் வென்றோம்.

ஆனால் ஒரு முழங்காலை வைத்து ஒரு சீசனைத் தூக்க முடியாது. பங்குனி முடிய அணி வெளியே போனது. உங்கள் வீட்டில் இனி என் முகமே ஆகாது என்று மதுரா அழுதாள். அன்றைக்கு உங்களை ஆறுதல்படுத்த வந்தவர்களெல்லாம் "அடுத்த முறை கட்டாயம், அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் வந்தபோது நிறுத்திய தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தீர்கள். என் தலையெழுத்து இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றும் தெரியும். வாயைத் திறந்தேன்.

"நான் சொன்னனான்தானே அன்ரி."

மாமா கண்ணைப் பொத்திக்கொண்டார். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாக, கண்ணில் நீர் வரும்வரை, சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள்.

"இஞ்சருங்கோ" என்று மாமாவைக் கூப்பிட்டீர்கள். "உவனை வெளியில விட்டு வைக்கிறதுதான் ஆபத்து. வீட்டுக்குள்ள எடுப்பம். எங்கட கண்ணுக்கு முன்னால கிடக்கட்டும், என்னத்துக்கு என்ன சொல்லவேணும் எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்." பிறகு என்னிடம், "அன்ரி இல்லை. இனி மாமி எண்டு கூப்பிடு" என்றீர்கள்.

அணி தோற்றதற்காகச் சந்தோசப்பட்டவன் இந்த நகரத்தில் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உங்கள் ஃபோன் வரும். ஏணியில் நிற்பேன், கூட்டத்தில் இருப்பேன், உங்களுக்குக் கவலையில்லை. "மருமோன், இண்டைக்கு அவையில ஆருக்கு என்ன வருத்தம்?" பொய் சொல்ல வராதவன், அதனால் தேடிப் படித்து வைத்திருப்பேன். இவருக்கு மணிக்கட்டு நோவு, அவருக்கு இடுப்பு நோவு. நீங்கள் ஒரு வைத்தியரைப் போல "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொள்வீர்கள். அணி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றியது. எங்களுக்கு அதில் ஒரு குறையும் வரவில்லை. வென்றால் வடை, தோற்றால் சீதன மாப்பிள்ளைக்கு அர்ச்சனை. சில வேளை தோல்விதான் கூட ருசித்தது.

இந்த சீசன் தொடங்கிய கையோடு நீங்கள் ஆஸ்பத்திரியில். குழாய்களுக்கு நடுவில் கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"டொக்டர் மழுப்பிறார். நீ சொல்லு. சீசன் முடியுமட்டும் இருப்பனே?"

எனக்கு விடை தெரியும். டொக்டர் அதை எனக்கும் மதுராவுக்கும் வெளியே வைத்துச் சொல்லியிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இருப்பியள் மாமி."

"அப்ப அவங்கள்?"

"கோப்பை எடுப்பாங்கள்."

என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது. "ஐயோ, இவன் பொய் சொல்லப் பழகியிட்டான்" என்றீர்கள். "பரவாயில்லை. நல்ல பொய்."

இரண்டும் பொய்த்தன, மாமி. முதல் பனி விழ முன்பே நீங்கள் போனீர்கள். இப்போது அணியும் போய்விட்டது. இத்தனை வருடம் நான் உங்களோடு வாதாடியது இன்று நிரூபணமாகிவிட்டது: என் நாக்கில் ஒன்றுமில்லை. என் தொழிலில் இதை 'குறைபாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். எனக்கு இந்தச் சான்றிதழ் வேண்டாம். என் நாக்கு பலிக்கிற நாக்காகவே இருந்திருக்கலாம்.

நேற்றுப் பின்னேரம் மதுராவும் மாமாவும் நானும் இருந்து இந்த சீசனைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். மாமா உங்கள் வசவுகளையே சொல்கிறார். அடி எடுக்கிறார், முடிவு மறந்து மதுராவைப் பார்க்கிறார், அவள் முடித்து வைக்கிறாள். மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு மாமா கேட்டார்: "அப்ப அடுத்த முறை எப்பிடி, தம்பி?"

டிஃபென்ஸ் இன்னும் மெதுவுதான். மாற்று பம்ப் இன்னும் வாங்கவில்லை. இரண்டு வசனத்தில் சொல்லி முடித்திருப்பேன். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை இல்லை, மாமி. ஆனாலும் அடுத்த சீசன் தொடங்கும் ஒக்டோபர் வரை வாயைத் திறப்பதாக இல்லை.

உங்கள் மருமோன்