உம் வராத வரி

என் ராசாத்தி மதினிக்கு,

உங்கள் நாற்காலியை எடுத்து ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார் மேனேஜர். நான் விடவில்லை. பிரிண்ட் அவுட் கட்டுகளை அதன்மேல் அடுக்கிவிட்டு, "பேப்பர் வைக்க இடம் வேணும் சார்" என்று பொய் சொல்லியிருக்கிறேன். மில்லுக்கே கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி எதற்கு என்கிறார். "நீ தனியாவே நல்லா எழுதுறியேம்மா, வேலையும் சட்டுனு முடியுது" என்றார். சட்டென்றுதான் முடிகிறது. பேசத்தான் ஆளில்லையே.

எப்படி இருந்தோம் மதினி! அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், ஆறாவது மாதம் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ரூமுக்கே வேலைக்கு வந்துவிட்டீர்கள். வீட்டில் நீங்கள் குழவியைச் சுற்ற நான் மாவைத் தள்ளிவிடுவேன். மில்லில் நான் தட்ட நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். எழுதிய புரோகிராமை ஓடவிடுவதற்கு முன்னால் நான் வரி வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும், கதை கேட்கிற பிள்ளை மாதிரி நீங்கள் உம் கொட்டுவீர்கள். "எனக்கு வெளங்குனாத்தான் உம் போடுவேன். உம் வரலைன்னா அடுத்த வரிக்குப் போயிராத புள்ள" என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டீர்கள்.

"நாத்தனாவும் மதினியும் உள்ள உக்காந்து கதை சொல்லிக்கிட்டு இருக்காக" என்று ஆபீஸே கேலி செய்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரிச்சல். தனியாக எழுதத் துப்பில்லாதவளா நான்?

அந்தத் துப்பைக் காட்டப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். மில் பஸ் எந்த ஊரில் யார் யாரை ஏற்ற வேண்டும் என்று டிரைவருக்குக் கொடுக்கிற பட்டியல் அது. சில பெயர்கள் இரண்டு தடவை வந்திருந்தன. இனிஷியலும் பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதை அடித்துவிடு என்று ஒரு வரி எழுதி, சத்தமாகப் படித்தேன். உங்களிடமிருந்து உம் வரவில்லை.

"என்ன மதினி, தூங்கிட்டீகளா?"

"இல்ல புள்ள. ரெண்டும் ஒரே ஆளுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இனிஷியல் ஒண்ணு, பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு. இன்னும் என்ன வேணும்?"

அப்போதும் உம் வரவில்லை. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க மதினி. ஒங்களுக்கு வெளக்கிக்கிட்டு இருந்தா எனக்குப் பொழுது போயிரும்" என்று சொல்லிவிட்டேன். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். நான் ஓடவிட்டேன். பட்டியல் அழகாக வந்தது.

தேவதானப்பட்டியில் காமாட்சி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் அம்மன் பெயராயிற்றே! எனக்குத் தெரியாததா? தெரியும், எழுதும்போது நினைப்பில் வரவில்லை. மு. காமாட்சிகள் இரண்டு பேர் அங்கே பஸ் ஏறுகிறவர்கள். இரண்டாவது காமாட்சியை என் வரி அடித்துவிட்டது. "ஒம் பேரு இல்லத்தா" என்று டிரைவர் அவளை இறக்கிவிட்டார். தற்காலிக வேலைதானே, நிறுத்திவிட்டார்கள் போல என்று மூன்று நாள் வீட்டில் அழுதுகொண்டு கிடந்திருக்கிறாள். மனசு கேளாமல் நாலாம் நாள் டவுன் பஸ்ஸில் வந்தால், சொல்லாமல் நின்றவளுக்கு வேலை இல்லை என்று கேட்டில் மறித்துவிட்டார்கள். வேலை நிரந்தரமாக அவளுக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

கேட்டில் நடந்தது மேனேஜர் வரை போனது. பட்டியலைப் பார்த்துவிட்டு, "யார் எழுதுனது இத?" என்று அவர் கேட்டபோது நான் குனிந்து கீபோர்டையே பார்த்தேன். நீங்கள்தான் எழுந்தீர்கள். "ரெண்டு பேரும் சேந்து எழுதுனது சார். அந்தப் பிள்ளைய மொதல்ல உள்ள விடச் சொல்லுங்க." காமாட்சி வேலைக்குத் திரும்பினாள். நம் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. நீங்கள் செய்யாத தப்புக்குக் கீழே நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலாவது உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினீர்கள். கல்நெஞ்சக்காரி, வாங்கித் தின்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் மஞ்சள் காமாலை வந்து, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் புரோகிராமை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பலசரக்குக் கடைக்காரருக்கு அதில் என்ன தெரியும்? நான் மூச்சு விடுகிற இடத்தில்கூட உம் போட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திடீரென்று உம் நின்றுபோனது.

"என்னண்ணே, வெளங்கலையா?"

"எதுதான் வெளங்குச்சு புள்ள... அவ நெனப்பு வந்துருச்சு."

இரண்டு பேரும் அழுதோம். அப்போதுதான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சொல்கிறேன் மதினி. படிக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். அந்த வரி நான் தனியாக எழுதியது. நீங்கள் அதற்கு உம் போடவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்தப் பஸ் பட்டியல் புரோகிராமின் தலைப்பில் நம் இரண்டு பெயரும் இருக்கிறது. உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுக்க மாட்டேன். தப்பு இருந்த இடத்தில் ஒரு குறிப்பும் அடித்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும், மனுசர்கள்தான் படிப்பார்கள். "இங்கே இருந்த தப்பு செல்வியுடையது. மதினி நிறுத்தச் சொன்னாக." அடித்துவிட்டு வாய்விட்டுப் படித்தேன். படித்துவிட்டு, உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். யார் வந்தாலும் பேப்பர் கட்டை இறக்கி நானே நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். அவர்கள் உம் போடாத இடத்தில் நிற்பேன் மதினி. கோபம் வந்தாலும் நிற்பேன்.

உங்கள் வாயாடி நாத்தனா,
செல்வி