கண்ணாடிப் பெட்டிக்குள் என் கத்தி

என் அருமைச் சந்திரனுக்கு,

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். சவரக்கத்தி வாங்கிவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. முதலாவது இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உன் அப்பாவின் கத்தியாக நடித்துக்கொண்டிருக்கிறது. ஆத்திரப்படாதே. முழுவதையும் சொல்கிறேன்.

பதுளையில் நாம் இருவரும் எடுத்திருந்த வாடகை அறை உனக்கு மறந்திருக்காது. நீ ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவன், நான் பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்தவன். பிளேடு மாட்டும் ரேசரில் நாம் பழகியது அங்கேதான். சுவரில் ஒரே கண்ணாடி. நீ ஒரு கன்னம் வழித்து நகர்ந்தால்தான் நான் ஒரு கன்னம் வழிக்கலாம். தோட்டத்தில் எல்லோருக்கும் முடிவெட்டிச் சவரம் செய்த கருப்பண்ணனின் மகன் நீ. அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன் நான். கையில் பிளேடு ரேசர் இருந்தால் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அப்படி நினைக்கவில்லை.

ஒரு நாள் என் தாடையில் வழிந்த இரத்தத்தைப் பார்த்துச் சிரித்தாய். "மெசின்லயே இந்த வெட்டு வெட்டிக்கிற. எங்கப்பா கத்தியக் குடுத்தா கழுத்தோட போயிருவ. உங்க ஆளுங்கள்ல ஒருத்தன் கத்தி புடிச்சு நான் பாக்கணும் மச்சான். அடுத்தவனுக்கு வேணாம், தன் மூஞ்சிக்கே போதும்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் உனக்குச் சவரம் செய்துவிட்டபோதும் இதையே சொன்னாய். அப்போதும் என் கையில் பிளேடு ரேசர்தான் இருந்தது. அது உன் கண்ணில் படாமலா இருக்கும்?

நீ போன பிறகு வீம்புக்கு இறங்கினேன். கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரத்தில் ஒருவன் சவரக்கத்தி விற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி. சவரக்கத்தி விற்கிறவன் ஏன் தாடி வளர்க்கிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அமைச்சர்களைக் கேள்வி கேட்டே தலை நரைத்தவன் ஒரு தாடிக்காரனிடம் வாய் திறக்காமல் வாங்கினேன். ஆண்மை, அரசர், பரம்பரை என்று ஏதேதோ சொன்னான். அதைத் தீட்டியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

வந்த சாமானைப் பார்த்திருந்தால் நீ தரையில் உருண்டு சிரித்திருப்பாய். அலகு முழுக்க அலையலையாகக் கோலம், நடுவில் ஒரு சிங்கம், கொம்பு மாதிரி ஒரு கைப்பிடி, சிவப்பு மெத்தை வைத்த மரப்பெட்டி. அலகின் நுனி கூரான மூலையாக இருந்தது. பழகாதவன் அந்த நுனியைத் தொடவே கூடாதாம். எனக்கு அதைச் சொன்னது என் காதுமடல்தான்.

முடியை அது வெட்டவில்லை, பிடுங்கியது. தவறு பாதி கத்தியுடையது, பாதி என்னுடையது. பிளேடு ரேசரில் எந்தச் சரிவில் பிளேடு தோலில் பட வேண்டும் என்பதை ரேசரே பார்த்துக்கொள்ளும். கை இழுத்தால் போதும். கத்தியில் அதையும் கைதான் பார்க்க வேண்டும். இடது கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வலது கை அழுத்தவே கூடாது. பிடுங்குகிறதே என்று நான் அழுத்தினேன். பிறகு கூர் போதவில்லை என்று தோல் வாரில் தீட்டினேன். வாரில் கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டும். நான் மீன் கத்தியைக் கல்லில் தீட்டுகிறவன் மாதிரி கூரை முன்னே தள்ளினேன். வார் பிளந்தது. கத்தி கை நழுவித் தொட்டியில் விழுந்து கைப்பிடியும் வெடித்தது.

வெடிப்பில் தண்ணீர் இறங்காமலிருக்க மகளுடைய சிவப்பு நெயில் பொலிஷை வைத்து அடைத்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இது மீனு வெட்டவாச்சும் ஆகுமா?" என்றாள். ஆகவில்லை. மழை மாதம் வந்ததும் சிங்கத்துக்கு மூக்கிலிருந்து வால் வரை துரு ஏறியது. ஓட்டைத் தேநீர்க் கேத்தல் ஒன்றோடு சேர்த்து, பழைய போத்தலும் இரும்பும் எடுக்க வருகிறவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது கத்தியை ஒழுங்காகக் கேள்வி கேட்டு வாங்கினேன். பதுளைக் கடைவீதியில் சவரச் சாமான் விற்கும் முதலாளியிடம் முதலில் போனேன். "ஐயா, இப்ப சலூன்காரங்களே பாதி பிளேட ஒடைச்சு மாட்டுறாங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்றார். அந்த மனிதரிடம் பொய் இல்லை, அதனால் கத்தியும் இல்லை. கடைசியில் கொழும்பில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். யார் தீட்டினது, எந்தக் கல்லில், கடைசியாக எதன் மேல் இழுத்தது, முடி வெட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எரிந்து விழாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நம் பக்கத்துப் பனிக்குத் துருப்பிடிக்காத எஃகே நல்லது என்றார். நுனி உருண்டையாக இருக்கட்டும், அலகு ரொம்ப அகலமும் வேண்டாம், ரொம்ப ஒடுக்கமும் வேண்டாம் என்றார். வந்தது. சிங்கம் இல்லை, கோலம் இல்லை. கறுப்புக் கைப்பிடி, அவ்வளவுதான். முதல் வாரம் கன்னம் மட்டும் வழித்தேன். தாடைக்கும் கழுத்துக்கும் பழைய ரேசரே. அவசரப்படவில்லை.

இப்போது ஆத்திரப்படலாம்.

ஹல்துமுல்லைக்கு மேலே நம் தோட்டத்தில் துரை இருந்த பங்களாவை ஹோட்டலாக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் பனியைப் படம் பிடிக்கிறார்கள். அதில் ஒரு அறையைத் தோட்டத் தொழிலாளரின் பாரம்பரிய அறையாக்கித் திறக்கப் போவதாகத் தலைவர் மாணிக்கம் எனக்குப் போன் பண்ணினார். யார் மாணிக்கம் என்று கேட்கிறாயா? பெரிய கங்காணியின் பேரன். கோயில் கமிட்டிக்குத் தலைவர், மரக்கறி லொறிச் சங்கத்துக்குத் தலைவர், நாற்காலி போட்ட எல்லா இடத்துக்கும் தலைவர். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும் நேரத்தில் நீ என்னை மச்சான் என்று கூப்பிட்டதும், "டேய், யாரப் பாத்து யாருடா மச்சாங்கிறது?" என்று ஒருவர் அதட்டினாரே, அவருடைய மகன். "அவனப் பாத்து நான்" என்று நீ சொன்னதை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வீட்டு வாசலில் உன் அப்பா நின்றுகொண்டே சவரம் செய்வார். கங்காணி சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். வேலை முடிந்து இவர் படி இறங்கியதும், நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளிப்பார்கள். முகத்தைத் தடவிய கை தீட்டில்லையாம், தரையில் நின்ற கால் தீட்டாம். இப்படி ஒரு கணக்கை எந்தக் கணக்கப்பிள்ளையும் போட்டிருக்க மாட்டான்.

திறப்பு விழாவுக்குப் போனேன். முன்வரிசையில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். உன் மனைவியை இந்தப் பெரிய மனிதர்கள் எதற்கு முன்வரிசைக்கு அழைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, மாமாவோட கத்தி கெடச்சிருச்சாம். மேடையில நான் ரெண்டு கையாலயும் எடுத்துத் தலைவர்கிட்டக் குடுக்கணுமாம். போட்டோ எடுப்பாங்களாம். இங்க வந்த பொறவுதான் சொல்றாங்க."

"எந்தக் கத்தி?"

"அதத்தானே நானும் கேக்குறேன். மாமா கத்தி அவரோட குழியிலதானே போச்சு? நீங்களும் நின்னீங்களே."

நின்றேன். தேயிலை மலைச் சரிவில் உன் அப்பாவை இறக்கியதும் உன் இடுப்பிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து நீதான் உள்ளே போட்டாய். "போதும்ப்பா, வேல முடிஞ்சிருச்சு" என்று நீ முணுமுணுத்தது எனக்கும் மல்லிகாவுக்கும் மட்டும்தான் கேட்டது.

மேடையில் மாணிக்கம் முன்னோர்களின் வியர்வையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முன்னோர்களுக்கு வியர்த்தது சாப்பிடும்போது மட்டும்தான். பக்கத்தில் அந்தச் சாய்வு நாற்காலி, பட்டுத் துணி போட்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு, வெற்றிலை, அதன் மேல் கத்தி. தட்டில் சாய்த்து வைத்திருந்த அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'பெரிய கங்காணியின் குடும்பத்துக்கு விசுவாசமாகத் தொண்டு செய்த கருப்பண்ணனின் கத்தி. அன்னாரின் மருமகள் மனமுவந்து வழங்கியது.'

விசுவாசமாம். மனமுவந்தாம். மல்லிகா இன்னும் அதைத் தொடக்கூட இல்லை.

எழுந்து போய்க் கத்தியை எடுத்துப் பார்த்தேன். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்திருப்பார்கள் போல, நல்ல கறுப்பு. சிங்கத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள், வால் மட்டும் பாக்கி. கைப்பிடி வெடிப்பில் சிவப்பு நெயில் பொலிஷ்.

"தலைவரே, இது எங்க கெடச்சது?"

ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "பழைய சாமான் எடுக்கிறவன் கொண்டாந்தான். தோட்டத்து லயத்து வீடு ஒண்ணுல கெடந்துச்சாம். நீங்க ஒக்காருங்க, அப்புறம் பேசுவோம்" என்றார்.

"லயத்துல கெடக்கல, பதுளையில எங்க வீட்டுல கெடந்துச்சு. இந்தச் செவப்பு எங்க மக நகத்துக்குப் பூசுறது. நானே வாங்கி, நானே ஒடைச்சு, நானே தூக்கிப் போட்டது."

"பத்திரிகைக்காரருக்கு எதிலயும் சந்தேகந்தான்" என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். சிலர் சேர்ந்து சிரித்தார்கள். "பழசோ புதுசோ, கத்தி கத்திதானுங்களே? அம்மா, நீங்க வாங்க, நேரமாகுது."

மல்லிகா எழவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் ஒரு முறை அந்தத் தட்டைத் தொட்டுவிட்டால் போதும். அடுத்த நாள் படத்தோடு அது உண்மையாகிவிடும், உன் அப்பா காலத்துக்கும் அந்த வீட்டுக்கு விசுவாசமானவராகிவிடுவார். நான் இத்தனை வருடம் எழுதிய எந்தச் செய்தியாலும் அந்தப் படத்தை அழிக்க முடியாது.

பட்டுத் துணியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தேன்.

"சரிங்க தலைவரே, கத்தி கத்திதான். எனக்கு இந்த ஒரு கன்னம் மட்டும் வழிச்சு விடுங்க."

"என்னங்க பேசுறீங்க? நான் போயி..."

"ஏன், கை பழகலையா, இல்ல கைக்கு ஆகாதா?"

பின்வரிசையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல், "வழிச்சு விடுங்க தலைவரே, நாங்களும் பாக்குறோம்!" பிறகு ஒரு பெரிய சிரிப்பு. ஹோட்டல் மேலாளர், பாவம், என்ன நடக்கிறதென்று சிங்களத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாணிக்கம் கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அந்தக் கை வேட்டியில் தன்னைத் துடைத்துக்கொண்டது. இன்னும் எதையும் தொடவே இல்லை, அதற்குள் துடைத்தாகிவிட்டது. கேவலம். எழுத வேண்டிய செய்தி எனக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

அப்போது மல்லிகா எழுந்தாள். நேரே மேடைக்கு வந்து அட்டையை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எழும்புங்கண்ணே" என்றாள். எழுந்தேன். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, அவசரமில்லாமல், நன்றாகச் சாய்ந்து. படம் பிடிக்க வந்த பையன் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துவிட்டான்.

"மாமா இந்த நாற்காலி பக்கத்துல நின்னது போதும். நான் ஒக்காந்துட்டேன். தண்ணி தெளிக்கிறதுன்னா தெளிச்சுக்கோங்க தலைவரே" என்றாள். பிறகு என்னிடம், "போவமாண்ணே? அப்புத்தளை பஸ் வர்ற நேரம்."

நீ அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கத்தி இன்னும் அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. புது அட்டை வைத்திருக்கிறார்கள்: 'பழைய சவரக்கத்தி'. பெயர் இல்லை, விசுவாசம் இல்லை. 'பழைய' என்பது இப்போதும் பொய்தான், ஆனால் அந்தப் பொய் யாருக்கும் வலிக்காது. வெள்ளைக்காரர்கள் குனிந்து பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். தாடிக்காரனின் சாமானுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, விட்டுவிட்டேன். மல்லிகா உட்கார்ந்திருக்கிற அந்தப் படம் மட்டும் உன் வீட்டில், உன் படத்துக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. நீ பார்த்துக்கொண்டேதானே இருப்பாய்?

வருகிற வாரம் உன் திவசம். அன்று காலையில் கன்னம், தாடை, கழுத்து எல்லாமே கத்தியால்தான். பழைய ரேசரை வீட்டிலேயே வைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து, பின்புறத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டே வழித்துக்கொள்வேன், உன் அப்பா நின்ற மாதிரி. எங்கள் ஆட்களில் ஒருவன் கத்தி பிடித்து நீ பார்க்க வேண்டும் என்றாயே, பார்த்துக்கொள். வெட்டிக்கொண்டால் துடைக்க மாட்டேன். அப்படியே வந்து உன் படத்துக்கு முன்னால் நிற்பேன், ஆசை தீரச் சிரித்துக்கொள். உன் அப்பாவின் பெயரை இன்னொரு அட்டையில் எவனும் எழுத, நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். இது சத்தியம்.

யாரைப் பார்த்து யார் என்று எவன் கேட்டாலும்,
உன் மச்சான்,
சுப்பிரமணியம்