கத்தினால் ஏறாத தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று தீயணைப்புப் பயிற்சியில் என் வண்டியின் பம்ப் உறுமியதே தவிர, தண்ணீர் வரவில்லை. "பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான். இன்னும் வேகமா ஓட்டும்மா!" என்று அதிகாரி கத்தினார்.

"உள்ள காத்து இருக்கு சார். நீங்க கத்தினாலும் தண்ணி ஏறாது" என்றேன்.

உறிஞ்சுகுழாய் இணைப்பில் வாஷர் விலகியிருந்தது. அதைச் சரிசெய்து, உள்ளிருந்த காற்றை முழுவதும் வெளியேற்றினேன். தொட்டித் தண்ணீர் சரசரவென்று ஏறியது. பெரிய குழாயில் குறைந்த அழுத்தத்தில் வெள்ளமாகவும், ஒல்லிக் குழாயில் அதிக அழுத்தத்தில் புகைபோலவும் ஒரே பம்ப் ஒரே நேரத்தில் பீய்ச்சியது. எதிரில் நின்ற அதிகாரி தொப்பலாக நனைந்தார். நான் வேண்டுமென்றே செய்யவில்லை, நகரச் சொல்லவுமில்லை.

'வேலையை விட்டுட்டு வந்துடு' என்று இனி எழுதாதீர்கள். வர மாட்டேன்.

பம்ப் துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்