இறங்கலாமா அண்ணா?

காட்பாடி
10.2.2025

மகேந்திரன் அண்ணாவுக்கு ஹெலன் எழுதுவது.

அண்ணி நலமா? நான்கு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். அவர் இறந்து எட்டு மாதமாகிறது. அடக்கத்துக்கு வந்த நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. ‘வசந்த் அனுமதியின்றி டவருக்குள் இறங்கினார்’ என்று ஒரே வரி. மகள் ஜாஸ்மின் படித்துவிட்டு, “அப்பா யாரையும் கேக்காமயா போனாரு?” என்கிறாள். பால் வாங்கப் போவதானாலும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர். அன்று ஷிப்ட் இன்ஜினியர் நீங்கள்தானே? என்ன நடந்தது?

உங்கள் தங்கை
ஹெலன்

*

ராணிப்பேட்டை
18.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க எங்களிடம் இரண்டு டவர்கள். அழுத்தம் ஏறினால் உள்ளே நிரப்பியிருக்கும் கடுகு போன்ற மணிகள் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கினால் விட்டுவிடும். ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும். அன்று ஒரு டவரை நிறுத்தி மணிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். நான் கன்ட்ரோல் ரூமில் இருந்தேன். அவன் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

எனக்கும் உடம்பு சரியில்லை. அழுத்தம் இறங்கும் சத்தம், யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல இருக்கிறது. ஷிப்ட் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. ஜாஸ்மினை நன்றாகப் படிக்க வை.

மகேந்திரன்

*

காட்பாடி
3.3.2025

அண்ணா,

நீங்கள் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

அவரோடு வேலை செய்த அஸ்பாக், லாக்கரில் இருந்த அவருடைய போனை நேற்று கொண்டுவந்து கொடுத்தார். சார்ஜ் போட்டுப் பார்த்தேன். அவர் கடைசியாகப் பேசியது உங்களிடம். காலை 10.40, ஒரு நிமிடம். பதினொரு மணிக்கு அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்ன கேட்டார்?

ஹெலன்

*

ராணிப்பேட்டை
9.3.2025

ஹெலன்,

“இன்னாண்ணா, மீட்டர் வெச்சுப் பாத்துட்டியா? எறங்கலாமா?” என்று கேட்டான்.

“பாத்துட்டேன்டா, எறங்கு. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்” என்றேன்.

நான் பார்க்கவில்லை. ஆக்ஸிஜன் மீட்டர் என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. இரண்டு டவருக்கும் நடுவிலிருந்த வால்வு முழுதாக மூடவில்லை. ஓடிக்கொண்டிருந்த டவரிலிருந்து வாயு கசிந்து அடியில் தேங்கியிருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அவன் போன் லாக்கருக்குள் போய்விட்டது, கேட்க யாருமில்லை என்ற தைரியத்தில், அனுமதி கொடுக்கவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டேன்.

இப்போது சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிடுகிறான்.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது.

மகேந்திரன்

*

காட்பாடி
16.3.2025

மகேந்திரன் அவர்களுக்கு,

நகலை ஜாஸ்மினிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். “அப்ப அப்பா கேட்டுட்டுதான் போயிருக்காரு” என்றாள். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஜூனில் நினைவுத் திருப்பலி. நீங்கள் வர வேண்டாம். இனிக் கடிதமும் வேண்டாம். உங்களை அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும் அவர் படத்தின் முன் நின்று, கேட்காமல் ஏன் போனாய், எங்களை நினைத்தாயா என்று தினமும் திட்டியிருக்கிறேன். இன்று காலை கல்லறைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

ஹெலன் வசந்த்