அண்ணியின் ஜீரோ

அன்பு அண்ணி,

ஜெயிச்சிட்டேன்! மேசையைத் தட்டிக் கத்தியது நான்தான் என்றால் நம்புவீர்களா? பாடம் நடத்தும்போதுகூடக் குரல் உயர்த்தாத தங்கச்சிக்கு என்ன ஆச்சோ என்று அண்ணன் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

நீங்கள் கண்மூடிய பிறகும் ஒரகடம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விமானச் சண்டை ஆட்டம் நிற்கவில்லை. அதே கட்டம் போட்ட விரிப்பு, விரலளவு விமானங்கள், பகடை. உலகப்போர்க் காலத்து ஜப்பான் விமானமான உங்கள் ஜீரோவை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு குண்டு சரியாகப் பட்டாலே எரிந்துவிடும், யார் எடுப்பார்கள்?

"சும்மா தானே கீது, பொட்டில போட்ரலாம்" என்றார் பாஸ்கர். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"நான் ஓட்டுறேன். தோத்தா பெட்டியில போட்டுடுங்க" என்றேன்.

பாஸ்கரைத்தான் தெரியுமே, உங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி லைன் சூப்பர்வைசர். வேகத்தைக் குறைப்பது அவருக்குப் பாவம். தன் கனத்த அமெரிக்க விமானத்தை உயரத்திலிருந்து நேரே என் முதுகுக்கு இறக்கினார். "ஃபயர் சர்வீசுக்கு போன் போடட்டா மேடம்?" பகடை உருண்டது. ஒரே புள்ளியில் தப்பித்தேன்!

அடுத்த நகர்வை இருவரும் மறைத்து எழுதி, ஒன்றாகத்தானே காட்ட வேண்டும்? மனிதர் இன்னும் வேகம் கூட்டுவார் என்று தோன்றியது. நான் அடிமட்டத்துக்குக் குறைத்தேன். மெதுவாகப் போனால்தான் ஜீரோ சட்டென்று திரும்பும். காட்டினோம். அவர் விமானம் என்னைத் தாண்டிப் பறந்து, என் துப்பாக்கிக்கு நேரே வந்து நின்றது!

"இன்னா மேடம், நடுவானத்துல பிரேக் போட்டுகினு நின்னுட்டீங்க!"

உருட்டினேன். ஆறு. அவர் விமானம் விழுந்தது! என் கத்தல் கேட்டு ஓடிவந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார், அண்ணி. எவ்வளவு நாளாயிற்று!

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தலைக்கவசம் இல்லாதவனைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்திய பாதுகாப்பு அதிகாரி நீங்கள். ஓட்டுகிறவனுக்குக் கவசமே வைக்காத விமானத்தை எப்படி நேசித்தீர்கள்? அதைச் செய்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு தப்புகூடச் செய்ய முடியாது என்று தெரிந்து ஓட்டும்போது வருகிற அந்தக் கவனம்தான் உங்களுக்குப் பிடித்திருந்ததோ?

வரும் ஞாயிறும் நான்தான் எடுப்பேன். நிறையத் தோற்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை தரம் எரிந்தாலும், மறுபடி எடுத்து மேசையில் வைப்பேன்.

உங்கள் நாத்தனார்,
கலா